செம்பனைத் தேடிய மத்தியானங்கள்

வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று வெடிக்கும் சத்தம்... கீழே டயர் கடையிலிருந்து ஏறி வரும் றப்பர் மணம்.

கிளிநொச்சியில் எங்களுடைய முதல் ஒபிஸ் அதுதான். ஒரு மேசை, இரண்டு கதிரை, தொட்டால் கை சுடுகிற ஒரு லப்டொப். அங்கேதான் நானும் கஜனும் ஒரு கேம் செய்யத் தொடங்கினோம். சுடுகிற துவக்கு இல்லை, சண்டை இல்லை. ஒரு பெட்டை சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றி, தொலைந்துபோன தன் பூனையைத் தேடுவாள். வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்னப் புதிர்களை அவிழ்த்தால் அடுத்த ஒழுங்கைக்குப் பாதை திறக்கும். அவ்வளவுதான்.

பூனைக்குப் பெயர் செம்பன். அது உண்மையில் என் அக்காவின் பூனை. சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனோம். முகாமிலிருந்து திரும்பி வந்ததும் அக்கா ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்... கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பூனையே வளர்க்கவில்லை.

கஜன் பக்கத்து ஊரான கண்டாவளைப் பெடியன். படம் கீறுவதில் சூரன். நான் சொல்லச் சொல்ல, வெள்ளை வால் நுனியோடு செம்பனை அப்படியே கீறிவிட்டான்.

அந்த நேரம் அவனுக்குக் கொழும்பில் ஒரு நல்ல வேலை சரிவந்திருந்தது. கேமின் டெமோவை ஆட்கள் விளையாடி முடித்தால் இங்கேயே இருப்பேன், இல்லையென்றால் மாத முடிவில் பஸ் ஏறுவேன் என்று தகப்பனிடம் தவணை வாங்கியிருந்தான். அவன் போனால் கேமும் போய்விடும். நான் பூனை கீறினால் அது பூசணிக்காய் மாதிரித்தான் வரும்.

அக்காவுக்குப் பக்கத்துப் புடவைக் கடையில் வேலை. மத்தியானம் சாப்பாட்டோடு மேலே வருவார். ஒருநாள் அவரைப் பிடித்து லப்டொப்புக்கு முன்னால் இருத்தினோம்.

சைக்கிளில் நன்றாகத்தான் போனார். முதல் வீட்டு வாசல் படலையடியில் நிறுத்தினார். சைக்கிள் மணியை அடித்தார். அந்த மணி நாங்கள் சும்மா அழகுக்கு வைத்தது... அடித்தால் ஒன்றும் நடக்காது. அக்கா காத்திருந்தார். திரும்ப அடித்தார். திரும்பவும் காத்திருந்தார்.

படலை திறந்துதான் கிடக்கிறது, உள்ளே போய் அலுமாரியைத் திறந்தால் சாவி கிடைக்கும் என்று கத்தாத குறையாகச் சொன்னேன்.

“ஆக்கள் இல்லாத வீட்டுக்குள்ள எப்பிடியடி போறது? நாய் நிக்குதோ தெரியாது,” என்றார்.

கேம் விளையாடத் தெரியாத ஆள் என்று நாங்கள் சிரித்தோம். அடுத்த நாள் கஜனின் மச்சாள் வந்தாள். அவளும் படலையடியில் நின்றாள். டயர் கடை முதலாளி வந்தார். அவரும் மணி அடித்துவிட்டு நின்றார். ‘உள்ளே போ’ என்று பெரிய அம்புக்குறி ஒன்று போட்டோம்... அதையும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவர்கூட முதல் வீட்டைத் தாண்டவில்லை. கஜன் வீட்டில் உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன சனம் இது, கேமுக்குள்ளேயும் மரியாதை பார்க்குது என்று அக்காவிடம் ஏறி விழுந்தேன். அக்கா சோற்றைக் குழைத்தபடி சாதாரணமாகக் கேட்டார்.

“அது சரி... ஏன் ஒரு வீட்டிலயும் ஆக்கள் இல்லை? சனமெல்லாம் எங்க போயிட்டுது?”

நானும் கஜனும் லப்டொப்பில் ஒவ்வொரு வீடாகத் திரும்பத் திறந்து பார்த்தோம்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து கேம் செய்யப் பழகியவர்கள் நாங்கள். வீடு கீறினோம், கிணறு கீறினோம். ஆட்களைக் கீறுவது கரைச்சல் பிடித்த வேலை என்று விட்டுவிட்டோம். ஆளில்லாத வீடுகள் எப்படி இருக்கும் என்று இந்தச் சனத்துக்குத் தெரியும். அதையே திரும்பக் கட்டி வைத்துவிட்டு, உள்ளே போ போ என்றால் யாருக்குத்தான் மனம் வரும்?

அதன் பிறகு கஜன் சோறு தண்ணி மறந்து ஆட்களைக் கீறினான். மணி அடித்தால் நாய் குரைக்கும். யாராவது வெளியே வந்து, ஆர் பிள்ளை என்று கேட்பார்கள். அவர்களோடு கதைத்தால்தான் புதிர். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுத்துக் கொடுத்தால் செம்பன் போன பக்கத்தைக் காட்டுவார்கள். தேடித் தேடிப் போனால், கடைசி வீட்டில் அது வேறொரு குடும்பத்தோடு இருக்கும்.

மாத முடிவுக்குக் கிட்ட, அக்காவைத் திரும்பவும் இருத்தினோம். கஜன் நகத்தைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

அக்கா ஒவ்வொரு படலையிலும் மணி அடித்தார், கதைத்தார், வாளி எடுத்துக் கொடுத்தார்... கடைசி வீட்டுக்கு வந்தே விட்டார். குசினி வாசலில் செம்பன். அதற்கு முன்னால் ஒரு தட்டில் சோறும் மீனும். கூட்டிக்கொண்டு போவோமா என்று கேம் கேட்டது. ‘ஓம்’ என்ற ஒரேயொரு பட்டன்தான் வைத்திருந்தோம். அக்கா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“அங்கயே நிக்கட்டும். ஆரோ சோறு வைச்சிருக்கினம்... அது போதும்.”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கஜன் வெளியே போய்த் தகப்பனுக்கு போன் எடுத்தான். கொழும்புக்குப் போகவில்லை என்றான். மனிசன் ஏசித் தள்ளினார் போல... இவன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே நின்றான். திரும்பி வந்து, ‘இங்கேயே இருக்கட்டும்’ என்று இன்னொரு பட்டன் கீறத் தொடங்கினான்.

இப்போது எங்களுக்கு ஏசி அறை இருக்கிறது. இன்னும் மூன்று பேர் எங்களோடு வேலை செய்கிறார்கள். கேமை எங்கெங்கோ இருந்தெல்லாம் விளையாடிவிட்டு மெயில் போடுகிறார்கள். படலையடியில் காத்து நிற்க அலுப்பாக இருக்கிறது என்று ஏசுகிறவர்களும் உண்டு. புதுக் கேம் என்றாலும் முகம் தெரியாத ஆட்கள் விளையாடிப் பார்த்து, பிழைகளை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வசதிதான். ஆனாலும் பக்கத்துக் கதிரையில் இருந்து, சாப்பிட்டுக்கொண்டே எங்களைக் கேள்வி கேட்க ஆளில்லை... அந்த மத்தியானங்களை நினைத்தால் மனம் கொஞ்சம் ஏங்கத்தான் செய்கிறது.

அக்காவும் இப்போது பழைய அக்கா இல்லை. போன மாசத்திலிருந்து அவருடைய வீட்டு வாசலில் ஒரு கறுப்புப் பூனை வந்து படுக்கிறது. பூனை வளர்க்கத் தொடங்கியாச்சோ என்று கேட்டேன்.

இல்லையாம்... ஆரோ தேடிக்கொண்டிருக்கிற பூனையாம். அவர்கள் வரும்வரைக்கும் சோறு மட்டும் வைக்கிறாராம்.