காப்பிக் களத்துக்குப் போன சாப்பாடு

ஏற்காட்டில் முதியோர் பகல் மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். காலையில் ஜீப் அனுப்பிச் சுற்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வருவோம். மதியம் சாப்பாடு, பிரஷர் பார்ப்பது, ஊர்க்கதை, சாயங்காலம் திரும்ப வீடு. சொன்னால் இவ்வளவுதான். செய்வதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

ஒரு காப்பிப் பறிப்புக் காலத்தில் தலைச்சோலை என்ற ஊரிலிருந்து வரும் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் ஒரே ஒருவர்தான் வந்தார். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லாதவர். மனைவி காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விட்டால் இருட்டும் வரை வீட்டில் கட்டிலும் அவரும்தான். மையத்துக்கு வரும் நாளில் மட்டும்தான் பகலில் அவருக்கு மனிதக் குரல் காதில் விழும்.

சேலத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி, ஜீப்பிலிருந்து அவர் ஒருவர் மட்டும் இறங்குவதைப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு ஒரு ஜீப்பாம்மா? நிறுத்திடலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நிறுத்துங்க சார். அவருக்குப் பேச்சுத் துணைக்கு நீங்க வந்து உக்காருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அவர் முகம் சுருங்கிப் போய், பொங்கலுக்குள் பழைய ஆட்கள் வராவிட்டால் தலைச்சோலைக்கு வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பெரியவரை இறக்கிவிடப் போன ஜீப்பில் நானும் ஏறினேன். வழியில் அவர், "எனக்கோசரம் சண்டை புடிக்காதீங்க அம்மிணி. நான் ஊட்டுலயே இருந்துக்கறனுங்க" என்றார். அந்தப் பேச்சு என் பிடிவாதத்தை இன்னும் கூட்டியது.

ஊருக்குள் நுழைந்தால், வராமல் போன அத்தனை பேரும் காப்பி காயும் களத்தில் இருந்தார்கள். சாப்பாட்டில் ருசி இல்லாததால்தான் ஆள் வரவில்லை என்று நான் எங்கள் சமையல்காரம்மாவை வறுத்தெடுத்திருந்தேன். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

"ஏனுங்க, நாங்க அங்க வந்து குந்திக்கிட்டா இங்க காப்பிய ஆரு பாக்கறது?" என்றார் களத்தில் இருந்த ஓர் அம்மா. எதிரே இருப்பவர் கேட்கிறாரோ இல்லையோ, பேசிக்கொண்டே இருக்கிற வாய் அவருக்கு. இளவட்டங்கள் பழம் பறிக்கப் போய்விட்டால், காய்கிற காப்பியைக் கிளறிவிடுவதும், மாடு ஏறாமல் பார்ப்பதும், தூறல் விழுந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் மூடுவதும் வயதானவர்களின் பொறுப்பு. மலையில் எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள்தான் யாரையும் கேட்கவில்லை.

"சரி, நீங்க வர வேண்டாம். சோறு இங்க வரும். பிரஷர் மிஷினும் வரும்" என்றேன். "ஆனா இவரும் உங்களோட களத்துலதான் இருப்பாரு."

அந்த அம்மாதான் முந்திக்கொண்டு சொன்னார்: "கண்ணு தெரியாதவருங்க. காப்பிய மிதிச்சுப் போடுவாருங்க."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க மட்டும் என்னங்க பண்றீங்க? மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?" என்றேன். உண்மைதான். வெறுங்காலைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்துதான் அங்கே எல்லோரும் காப்பியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியவரின் செருப்பைக் கழற்றச் சொல்லி, களத்தின் ஓரத்தில் நிறுத்தினேன். முதல் நடை கோணல்மாணலாகப் போனது. ஒரு பக்கம் காப்பி குவிந்தது, ஒரு பக்கம் வெறுந்தரை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளும் நிறுத்தினேன். அதற்கடுத்த நாளும் விடவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் அந்த அம்மாவே களத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்து, "நேரா வாங்க, என்ற பேச்சுக்கு வாங்க" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். அவர் வாய்தான் ஓயாதே. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பெரியவர் நேராக நடந்தார்.

பொங்கலுக்கு முன் அதிகாரி வந்தார். களத்து ஓரத்தில் சாம்பார் வாளியோடு நின்ற ஜீப்பைப் பார்த்தார். "மையத்தையே இங்க தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, "அந்தக் கண் தெரியாத பெரியவர் எங்கம்மா?" என்று கேட்டார்.

வரிசையாக நடந்துகொண்டிருந்தவர்களில் ஒருவரைக் காட்டினேன். அவரைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏனுங்க சார், இப்பக் கூப்புடாதீங்க" என்று மறுகோடியிலிருந்து அந்த அம்மா கத்தினார். "பாதிக் களம் அப்படியே கெடக்குது. அவரில்லாம ஆருங்க தள்ளறது?"

அதிகாரியே செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் போனார். "ஐயா, ஜீப்பை நிறுத்தலை. நாளைக்கு உங்களை மையத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்லட்டுமா?"

பெரியவர் நடையை நிறுத்தவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சாமி. இப்ப முடியாதுங்க. எனக்கு நொம்ப வேல கெடக்குது."