கம்பத்தில் தொங்கிய வயர்

ஆடி மூன்றாம் தேதி காலையில் கேபிள்காரர் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தெருவில் பத்து வீட்டுக்கு இன்டர்நெட் லைன் இழுத்தாகிவிட்டது. அடுத்தது எங்கள் வீடு. நான் வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"ஆடி போகட்டுங்க. ஆவணி பொறந்ததும் வாங்க."

"நீங்களுமா சார்?" என்று சிரித்தார். "சரி, ஒங்க வயரை இந்தக் கம்பத்துலயே சுத்தி வச்சிட்டுப் போறேன். சொன்ன அன்னைக்கு வந்து அரை மணியில மாட்டிருவேன்."

அரை மணி நேர வேலை. அதைத்தான் நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன்.

நான் நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆளில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். ஆடியில் வீட்டுக்குள் புதிதாக எதையாவது கொண்டுவந்து, அவருக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அந்தப் பயம் என் புத்தியை மறைத்துவிட்டது. இத்தனைக்கும் லைன் கேட்டதே அவருக்காகத்தான். துபாயிலிருக்கும் தம்பியின் முகத்தை அவர் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அரிமளம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்குள் போன் பேச்சே விட்டு விட்டுத்தான் கேட்கும். கண்மாய்க்கரைக்குப் போனால்தான் டவர் கிடைக்கும். லைன் வாங்கிய வீடுகளில் தினமும் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். அப்பாவை அங்கே தூக்கிக்கொண்டு போகவா முடியும்? அதனால் அவர் பேசுவதை வீடியோ எடுத்து, கரைக்கு நடந்துபோய் அனுப்புவேன். தம்பி வேலையிடத்திலிருந்து குரலாக மட்டும் பதில் அனுப்புவான். அதைக் கொண்டுவந்து அப்பாவின் காதருகில் வைப்பேன். அவன் "சாப்டீங்களாப்பா" என்று கேட்டு, இவர் சொல்லும் பதில் அவனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு வந்துவிடும். தபால்காரன் வேலை பார்க்கிறேன் என்று நான் சலித்துக்கொண்டதுண்டு. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஜன்னல் வழியாக அப்பாவுக்கு அந்தக் கம்பம் தெரியும். "நம்ம வயர் அங்கிட்டுத்தானே தொங்குது?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வார்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், ஒரு சாயங்காலம், வழக்கம்போல வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் விரட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பியின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அவனால் வர முடியவில்லை. அப்பாவை அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போனோம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆவணி பிறந்தது. கேபிள்காரர் சொன்னபடி வந்தார். அப்பாவின் அறையைக் காட்டினேன். ஜன்னல் ஓரத்தில் ஓட்டை போட்டு வயரை உள்ளே இழுத்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அரை மணிகூட ஆகவில்லை.

"எதையாச்சும் அனுப்பிப் பாருங்க சார்" என்றார்.

என் போனில் அனுப்பாமல் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத் திறக்க அதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பிக்கு அனுப்பினேன். கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. பிறகு நானும் பார்த்தேன். அப்பா ஜன்னல் பக்கம் கையைக் காட்டிப் பேசுகிறார்.

"தம்பி, ஆடி போனா லைன் வந்துரும்னு அண்ணன் சொல்லியிருக்கான். அப்பறம் ஒன் மொகத்தப் பாத்தே பேசுறேன்யா. ஒண்ணும் அவசரமில்ல. நான் இங்கதானே கெடக்கப்போறேன்."

சற்று நேரத்தில் போன் அடித்தது. வீடியோ கால். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து எடுத்தேன். திரையில் தம்பி. படம் எங்கும் தடங்கவில்லை. காதோரம் அவனுக்கு நரைத்திருந்தது. தாடை அப்பாவுடையதைப் போலவே ஆகியிருந்தது. அப்பா பார்க்க ஆசைப்பட்ட அந்த முகத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.