சொட்டுப் பெற்றோல்

கொட்டாஞ்சேனையில் ஐறீன் அன்ரியின் வளவில் பின்னறை எடுத்திருந்த நாகேந்திரத்துக்கு உலகத்தில் ஒரேயொரு பொய்தான் தெரியும். அதைத் துருப்பிடிக்க விடாமல் தினமும் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"நான் சாவகச்சேரிப் பக்கம். தோட்டக்காரக் குடும்பம். எண்பத்தெட்டிலயே இங்க வந்திட்டன். கடலை பஸ் யன்னலால பார்த்ததுதான்."

பொலிஸ் கேட்டாலும் இதுதான் பதில். பக்கத்து வீட்டுக் கோழி கேட்டாலும் இதுதான்.

உண்மையில் அவர் மயிலிட்டி ஆள். கடற்கரையில் தகப்பனின் மீன்வாடியில் வள்ள மோட்டர்களைக் கழற்றிப் பூட்டி வளர்ந்த கை அது. ஆமி வந்து ஊர் கலைந்த பிறகு அகதியாக அலைந்து, இரவோடு இரவாகக் கிளாலிக் கடலைக் கடந்து, கொழும்புக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கொழும்பில், வடக்கிலிருந்து வந்த தமிழன் ஒருவனுக்கு வள்ள மோட்டர் ஓட்டவோ திருத்தவோ தெரியும் என்று வெளியில் வந்தால் அவன் கதை முடிந்தது. அவன் யாருக்கு மோட்டர் திருத்தினான், புலிகளுக்கா என்று கேட்பார்கள். என்ன பதில் சொன்னாலும் அடி ஒன்றுதான்.

ஆகவே நாகேந்திரம் தையல் மெசின் திருத்தினார். பறங்கிப் பெண்கள் முதல் தையல் கடை முதலாளிமார் வரை அவரைத் தேடி வந்தார்கள். மெசின் கடலுக்குப் போகாது, எவரும் அதைச் சுடவும் மாட்டார்கள்.

வினை, பழனிமுத்து வடிவில் அதே வளவின் முன்வீட்டில் குடியிருந்தது. ஜிந்துப்பிட்டியில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர் பழனிமுத்து. இடுப்புக்கு ஓய்வு தரலாம் என்று முகத்துவாரத்தில் ஒரு வள்ளத்தில் பங்கு சேர்ந்து, நீர்கொழும்பில் பழைய மோட்டர் ஒன்றையும் வாங்கி வந்தார். வாங்கும்போது அது நன்றாகத்தான் இருமியதாம்.

அதை வளவுக்குள் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பிய பீப்பாவில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். முதலில் சிங்கம். கொஞ்ச நேரத்தில் ஆஸ்துமாக்காரர். பிறகு மௌன விரதம். தன் அறையில் மெசினுக்கு முன்னால் குனிந்திருக்கும் நாகேந்திரத்துக்கு, பல்லில் மணல் கடிபட்டது மாதிரி இருக்கும். என்ன கோளாறு என்று சத்தத்திலேயே தெரியும். தெரியாத மாதிரி ஊசிக்கு நூல் கோப்பார்.

அந்தக் கிழமை பழனிமுத்து முகம் வெளிறி வந்தார்.

"அண்ணே, கடல்ல நின்னுபோச்சு. நீரோட்டம் இழுத்துக்கிட்டு நேரா துறைமுக வாசலுக்குப் போவுது. நேவிக்காரன் தண்ணியில சுட்டான். அடுத்த தடவ தண்ணியில சுடமாட்டானாம்."

"கடலுக்குப் போகாமல் விடன்."

"போகாட்டி பாக்கியலெட்சுமி சுட்டுருவா அண்ணே."

பாக்கியலெட்சுமி அவர் மனைவி. அவர் சொன்னது பகிடிதான். ஆனால் கயிறு இழுத்து இழுத்துத் தோல் உரிந்த உள்ளங்கைகளை நாகேந்திரம் பார்த்துவிட்டார். இனி நூல் கோக்க முடியவில்லை.

"எனக்கு உந்தக் கடல் சாமான் ஒண்டும் விளங்காது, பழனி. ஆனா தையல் மெசினுக்கு எண்ணெய் விடுற போத்தல் இருக்கெல்லே? அதில காத்துப் போக ஓட்டை இல்லாட்டி எண்ணெய் வராது. உன்ர எண்ணெய் டாங்கி மூடியில அப்பிடி ஏதும் இருக்கோ எண்டு பார்."

இருந்தது. உப்புக் கட்டி அதை அடைத்திருந்தது. உள்ளே காற்றுப் போக வழியில்லாமல், எண்ணெய்க் குழாயில் இருந்த ரப்பர் உருண்டை வாடிய கத்தரிக்காய் போலச் சப்பிக் கிடந்தது. ஊசியால் குத்தியதும் டாங்கி ஒரு பெருமூச்சு விட்டது. மோட்டர் அதன்பிறகு நடுவில் நிற்கவில்லை.

"தையல் மெசினுக்குள்ள இவ்ளோ சங்கதி இருக்கா!" என்று பழனிமுத்து வாயைப் பிளந்தார்.

ஆனால் வேண்டுமென்று நிறுத்தினால் மறுபடி பிடிக்க மறுத்தது. மற்ற வள்ளக்காரர்களைப் போல அவரும் பெற்றோலில் மோட்டரைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார். மலிவு. நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, உள்ளே கிடக்கும் மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதற்குப் பொருத்தமான தையல் மெசின் உவமை நாகேந்திரத்துக்கும் அகப்படவில்லை. மெசினை மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். அது என்ன செய்யும், பாவம்.

பழனிமுத்து கயிறு இழுத்தார், இழுத்தார், பிறகு பீப்பாவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். நாகேந்திரம் எழுந்து வந்தார். பிளக்கைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். தன் அறை அலமாரியிலிருந்து கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலை எடுத்து, அதில் துளி பெற்றோல் உறிஞ்சி, பிளக் ஓட்டைக்குள் இரண்டு சொட்டு, காற்று இழுக்கும் வாய்க்குள் இரண்டு சொட்டு விட்டார். பிளக்கைத் திரும்பப் பூட்டி, கயிற்றை ஒரு சுண்டுச் சுண்டினார். மோட்டர் பிடித்தது.

குசினிக்குள்ளிருந்து ஐறீன் அன்ரி எட்டிப் பார்த்தார். "ஏன் நாகேந்திரம், மோட்டருக்குக் கண் வருத்தமா?"

பழனிமுத்து சிரித்தார். "கேன் நெறையப் பெற்றோல் கெடக்கு, அண்ணன் கஞ்சன் மாதிரி சொட்டு விடுறாரு!"

நாகேந்திரம் போத்தலைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மறைத்தார். கொழும்பில் பெற்றோல் சோடா மாதிரி. வேண்டுமளவுக்கு ஊற்றுவார்கள். அதைச் சொட்டுக் கணக்கில் தொடுகிறவர்கள், பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலே இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டர்சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்து ஆட்கள் மட்டும்தான். எண்பத்தெட்டில் கொழும்புக்கு வந்த தோட்டக்காரனுக்கு இந்தச் சொட்டு தெரிந்திருக்க நியாயமில்லை.

"ஊத்தினா வீண்தானே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போத்தலைச் சாரத்துக்குள் செருகினார்.

இரண்டொரு நாள் கழித்து, சோற்று நேரத்தில், பழனிமுத்து மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். பின்னால் நேவி ஜீப்.

"அண்ணே, அவங்க போட் மோட்டரும் மக்கர் பண்ணுதாம். நம்ம ஆளு ஒருத்தரு இருக்காருன்னு சொன்னேன். இனி அவங்க நம்ம பக்கம்! நம்மளச் சுடுவாங்களா?"

நன்றிக்கடன் என்பது இப்படியும் வந்து கதவைத் தட்டும்.

நேவியின் இறங்குதுறையில் நாகேந்திரம் தன்னால் முடிந்தவரை முட்டாளாக இருந்தார். கயிற்றைப் பிழையான பக்கம் இழுத்தார். தேவையில்லாத மூடியைக் கழற்றினார். சிங்களத்தில் தட்டுத்தடுமாறி, "எனக்குத் தையல் மெசின் மட்டும்தான் தெரியும் சேர்," என்றார். அதிகாரி கொட்டாவி விட்டார். போகச் சொல்லிக் கையைக்கூடக் காட்டினார்.

பழனிமுத்துவுக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் ஆளை ஒருவன் குறைவாக நினைப்பதா?

"நம்பாதீங்க சேர்! இவரு அடக்கமான மனுசன்!" துறைமுகத்தில் பழகிய நல்ல சிங்களத்தில், கண் மருந்துப் போத்தலையும் சொட்டையும் கையால் நடித்துக் காட்டினார்.

அதிகாரியின் கொட்டாவி பாதியில் நின்றது. அவர் வடக்கே காங்கேசன்துறை முகாமில் இருந்தவர்; அந்தச் சொட்டை அங்கே கண்டவர். மெதுவாக, நல்ல தமிழில் கேட்டார்: "நீங்க எப்ப கொழும்புக்கு வந்தது?"

பொய்க்கு இனி எண்ணெய் போட்டு வேலையில்லை. நாகேந்திரம் சாரத்தை மடித்துக் கட்டினார். நட்டுக் கழற்றும் பத்தாம் நம்பர் சாவியைக் கேட்டு வாங்கி, அந்த மோட்டரை மயிலிட்டி வாடியில் திருத்துவது போலவே ஒளிப்பில்லாமல் திருத்தத் தொடங்கினார். கை வேலை செய்ய, வாய் பழனிமுத்துவோடு கதைத்தது.

"நல்லாக் கேள். நிப்பாட்ட முன்னம் பெற்றோலுக்கு மாத்து. உள்ளுக்கு இருக்கிற மண்ணெண்ணெய் எரியும் மட்டும் ஓடவிடு. பிளக்கை ஒவ்வொரு நாளும் துடை. உப்புத் தண்ணியில ஓட்டினா, பிறகு நல்ல தண்ணியிலயும் ஓட்டு. இருட்டமுன்னம் கரைக்கு வா. துறைமுக வாசல் பக்கம் தலை வைச்சும் படுக்காதை."

"ஏண்ணே இவ்ளோ அவசரம்? சாயந்தரம் வீட்ல சொன்னாப் போதாதா?"

"இப்ப கேள்."

மோட்டர் பிடித்தது, சுருதி சுத்தமாக. அதிகாரி தன் ஆட்களைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு பேர் வந்து நாகேந்திரத்தின் தோளைத் தொட்டார்கள். பழனிமுத்து, வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று நினைத்து, தானும் ஜீப்பில் ஏறக் காலை வைத்தார். அவரைத் தள்ளிவிட்டார்கள்.

அவர் விழுந்த இடத்திலிருந்தே கத்தினார்:

"சேர், அவரு இன்னும் சாப்புடலீங்க சேர்!"