அம்பிகைபாகன் எழுதிய ஒன்பது பக்கம்

ஜார்ஜ்டவுன் கப்பல் முகவர் அலுவலகத்தில் அம்பிகைபாகனுக்கு முப்பத்தொரு வருடக் குமாஸ்தா உத்தியோகம். அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புது விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்குவதில் பிரயோஜனம் உண்டா என்று எழுதித் தரச் சொன்னார் முதலாளி மோகனராஜ்.

பழைய சரக்குப் பதிவு மென்பொருள் புதியதில் ஓடாது. அந்தப் பழையதை ஓட்டத் தெரிந்தவர் அம்பிகைபாகன் ஒருவர்தான். வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் மூன்று தலைமுறையாகக் குமாஸ்தா வேலை பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம். அறிக்கையில் சொந்த லாபம் கலப்பது அவர்களுக்குத் திருட்டு மாதிரி. ஒன்பது பக்கம் எழுதினார். தான் நாள் முழுக்கத் தட்டுவதைப் புது விண்டோஸில் புது மென்பொருள் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் என்று அடிக்கோடு வேறு போட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணே. வாங்கிடலாம்லா," என்றார் மோகனராஜ்.

"அப்ப நான் புதுசைப் பழகிக்கட்டுமா பாஸ்?"

"எதுக்குண்ணே? பத்து நிமிஷ வேலைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

வெள்ளிக்கிழமை பிரியாவிடை வைத்தார்கள். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப் தின்றார்கள், கை தட்டினார்கள், பரிசும் கொடுத்தார்கள்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். தூசுகூடத் துடைக்கவில்லை.