பஞ்சத்துக்கு வந்த ஒரம்பரை

என் பேரனின் பாடப் புத்தகத்தில் பாலைவனச் சோலை என்று ஒரு படம் இருக்கிறது. நாலு பேரீச்ச மரம், ஒரு குட்டை, ஓர் ஒட்டகம். யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம், இளைப்பாறலாம் என்று கீழே போட்டிருக்கிறார்கள். அங்கேயே குடியிருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. என் அக்காள் அப்படி ஓர் இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

நாமக்கல்லுக்குத் தெற்கே எங்களுடையது மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அதனால் அப்பா அக்காளுக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லை, கிணறு பார்த்தார். மல்லசமுத்திரம் பக்கத்தில் எந்தக் கோடைக்கும் வற்றாத கிணறு உள்ள தோட்டம் அமைந்தது. "எம்பட பொண்ணு கொடத்தத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டியதில்லீங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தண்ணீர் இருக்கிற இடத்தில் வேலை ஓயாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் காட்டில் அறுப்பு முடிந்தால் அடுத்த மழைவரை சும்மா இருப்போம். அங்கே மஞ்சள் எடுத்தால் மிளகாய், மிளகாய் முடிந்தால் ராகி. மச்சான் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார். அக்காள் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டுவாள். ஆடிக்கு அழைக்கப் போனால் அவளுடைய மாமியார் நல்ல வார்த்தையாகத்தான் சொல்வார்: "பயிரு காயுதுங்க சம்பந்தி. அடுத்த மாசம் நானே கொண்டாந்து உடறேனுங்க." அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. கல்யாணமாகிப் போனவள் எங்கள் வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

பிறகு பஞ்சம் வந்தது. எங்கள் கிணற்றில் பாறை தெரிந்தது. மாடு கன்றோடு வந்துவிடுங்கள் என்று அந்த மாமியாரே ஆள் அனுப்பினார். பெண் கொடுத்த வீட்டில் போய்க் கிடப்பதா என்று அப்பா முறுக்கிக்கொண்டிருந்தார். படுத்த எருது எழ மறுத்த பிறகுதான் கிளம்பினார்.

விருந்தாளியை எங்கள் பக்கம் ஒரம்பரை என்போம். நாங்கள் பஞ்சத்துக்கு வந்த ஒரம்பரை. என் அக்காளின் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பஞ்ச காலம்தான். அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள். நான் அவளோடு மடை திருப்பினேன். அப்பா கவலை ஓட்டுகிற சத்தம் கேட்டால் காரணமில்லாமல் சிரிப்பாள். சுற்றுவட்டாரமே குடத்தோடு அந்தக் கிணற்றடியில் வந்து நின்றது. மாமியார் ஒருவரையும் விரட்டவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். படுத்ததும் அக்காள் என் காதோரம் கேட்பாள்: "இப்போதைக்கு மழ வராதுல்ல, சாமி?"

ஊரில் மழைச்சோறு எடுத்தார்கள். பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத கூழ் வாங்கி, ஊர் எல்லையில் வைத்துக் குடித்துவிட்டு, மழை இல்லை, ஊரை விட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். அதைக் கேட்டு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. மற்றவர்கள் வழக்கத்துக்கு அழுதார்கள். அக்காள் மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "மவராசி அழுத அழுகைக்கே மழ எறங்கிரும்" என்று கிழவிகள் மெச்சினார்கள். அவள் எதற்காக அழுதாள் என்று எனக்குத் தெரியும். மழை வந்தால் நாங்கள் போய்விடுவோம்.

மழை இறங்கியது. விதைப்புத் தவறக் கூடாது என்று அப்பா மறுநாளே மாடுகளை அவிழ்த்தார். அக்காள் தோட்டத்து வேலிக் கடவு வரைக்கும் கூடவே வந்தாள்.

"அடுத்த பஞ்சத்துக்கு வாங்க" என்றாள்.

"வாயக் கழுவு" என்று அப்பா அதட்டினார்.

அடுத்த பஞ்சமும் வந்தது. அதற்குள் அக்காள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, வாருங்கள் என்று மாமியார் மறுபடியும் ஆள் அனுப்பினார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அங்க ஆரு இருக்கறான்னு ஒரம்பரை போறது?" என்று கேட்டு, வந்த ஆளை அப்பா திருப்பி அனுப்பினார். மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.