கொள்ளு மாட்டுக்கு, ரசம் அவருக்கு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் மதுக்கரைப் பக்கம் குடியிருந்தோம். என் கணவருக்குப் பீளமேட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் லேத் வேலை. அவருடைய அண்ணன் நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் போய், வருடம்கூடத் திரும்பியிருக்கவில்லை. அந்தப் பயத்தில் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இவருக்கும் கொலஸ்ட்ரால் ஏகத்துக்கு இருந்தது.

டாக்டர் அறைக்குள் நானும்தான் போனேன். அந்த மனிதர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "சாப்பாட்டுல நார்ச்சத்து சேர்த்துக்கங்க. கொள்ளு ரொம்ப நல்லது. மூணு மாசம் பார்ப்போம், குறையலைன்னா மாத்திரைதான்" என்று இவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். உப்பு டப்பா எது, சோடா மாவு டப்பா எது என்று தெரியாத மனிதர் என் கணவர். அவரிடம் போய்ச் சமையல் யோசனை! எனக்கு அப்போதே எரிச்சல்தான். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

கொள்ளு எங்களுக்கு என்ன புதுசா? மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். ஒரு நாள் விடாமல் கொள்ளு ரசம். பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு, தெருவே மணக்கிற மாதிரி வைப்பேன். அவரும் முகம் சுளிக்காமல் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். நெய்யை நிறுத்தினேன். குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றுவதைக்கூட நிறுத்தினேன். கொங்கு நாட்டில் தேங்காய் இல்லாமல் குழம்பு வைப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ரிசல்ட் வாங்கினால், பேருக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம்! பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி உண்டு. "தினமும் அங்க போய் பப்ஸும் பட்டர் பிஸ்கட்டும் தின்னுபோட்டு, இங்க வந்து ரசம் குடிக்கறீங்களாக்கும்" என்று பிடித்துக்கொண்டேன். "சாமி சத்தியமா இல்ல அம்மணி" என்றார். நான் நம்பவில்லை. சட்டைப் பையை உதறிப் பிஸ்கட் தூள் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். மாத்திரைக்கு முன்னால் இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று இவரிடம் சொல்லிவிட்டு, முதல்முறையாக அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வீட்டுல என்னத்தைத்தான் ஆக்கிப் போடறே? புருஷன் மேல அக்கறை வேண்டாமா?"

மூன்று மாதமாகப் பயந்து பயந்து சமைத்தவளுக்குக் கிடைத்த பட்டம் இது! அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன், இவரும் பின்னாலேயே வந்தார். வராந்தாவில் ஒரு மேஜை போட்டு, நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் பெண் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து அவரே கூப்பிட்டு விசாரித்தார். கொட்டித் தீர்த்தேன்.

"சரிங்க அக்கா, கொள்ளை எப்படிச் செய்வீங்க? அடுப்புப் பத்த வெக்கறதுல இருந்து சொல்லுங்க" என்றார்.

"நல்லா வேக வெப்பேனுங்க. தண்ணிய இறுத்து ரசம் வெச்சுப்போட்டு, வெந்த கொள்ளைத் தவிட்டுல கலந்து மாட்டுக்கு வெப்பனுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, நாரு அந்தக் கொள்ளுலதானுங்க இருக்குது! அதுதான் கொழுப்பைப் பிடிச்சு வெளிய தள்ளும். நீங்க அதை மாட்டுக்குப் போட்டுட்டு, தண்ணிய அவருக்குக் குடுத்திருக்கீங்க."

எங்கள் வீட்டில் காலங்காலமாக அப்படித்தான். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும், சக்கை மாட்டுக்கு என்றுதான் நினைப்பு. அந்தப் பெண், இனி வெந்த கொள்ளையே கடைந்து சோற்றில் போடுங்கள், அவரைக்காயும் வெண்டைக்காயும் சேருங்கள் என்றார். எள், கடலையிலும் கொலஸ்ட்ராலை உடம்பில் ஏறவிடாத ஏதோ ஒன்று கொஞ்சம் இருக்கிறதாம், அளவாகச் சேர்க்கலாம் என்றார். இவ்வளவும் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஐந்து நிமிடம் டாக்டருக்கு இல்லாமல் போனதே என்றுதான் எனக்குப் பொங்கியது. டோக்கன் கீக்கன் எதையும் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "ஏனுங்க, ஆக்கறது நானுங்க. எப்படி ஆக்கோணும்னு என்கிட்டல்லங்க சொல்லியிருக்கோணும்? ஒரு வார்த்தை கேட்காம எப்படிங்க என்னைக் குத்தம் சொல்லுவீங்க?" அந்தக் கோபத்திலும் 'ங்க' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட மணியை அடித்தார்.

ஜெயித்துவிட்ட மாதிரி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பஸ் வரும்போது என் கணவர் மெதுவாகச் சொன்னார். "அப்ப நான் பொய் சொல்லலைன்னு இப்பவாச்சும் நம்பறயா அம்மணி?"

எனக்குச் சுருக்கென்றது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை கொலஸ்ட்ரால் நன்றாகவே இறங்கியிருந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் தள்ளி வைத்தார், என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமலே. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் குற்றவாளியாக்கியவர் அவர் என்றால், சத்தியம் செய்த பிறகும் என் கணவரை நம்பாமல் சட்டைப் பையை உதறியவள் நான் என்று நினைக்கும்போது, அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பிவிடுகிறது.