குறை சொல்லி வாங்கிய வீடு

துணிக்கடையில் அவளைக் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியைத் தடவிப் பார்த்து வாய் பிளக்கும் ஆளுக்கு அவள் சல்லிக்காசு குறைக்க மாட்டாள். மூக்கைச் சுளிப்பவருக்குத்தான் விலை இறங்கும். ஊருக்கெல்லாம் இப்படி விற்றவள், தான் ஒரு வீடு வாங்கும்போது மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாளா?

வீடு வாங்குவதே கணவருக்காக. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது கையால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நடந்துவிடுவார். ஆனால் வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் அவள் கடைக்குப் போனால் திரும்பி வரும்வரை மனுஷன் தண்ணீரே குடிக்க மாட்டார். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டுமே! அந்த வறண்ட உதடுகளைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

தரகர் காட்டிய வீட்டில் படுக்கையறையிலிருந்து கழிவறைவரை இருபக்கச் சுவரிலும் எஃகுக் கைப்பிடிகள். கழிவறைக்குள்ளும் இருந்தன. விற்பவர், காலமாகிவிட்ட தன் அம்மாவுக்காக மாட்டியவை. பார்த்த அந்த நிமிஷமே இதுதான் வீடு என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஆனால் வாய் பழக்கம் விடுமா?

"என்ன இது, வீடா ஆஸ்பத்திரியா? சுவரெல்லாம் கம்பி. கண்ணராவியா இருக்கு."

விற்பவரின் முகம் சுருங்கியது. விலையும் கொஞ்சம் சுருங்கியது.

முன்பணம் கொடுத்த பிறகு அவள் தரகரைத் தனியாகப் பிடித்து, வீட்டோடு என்னென்ன வரும் என்று கேட்டாள்.

"கழட்டறதுக்கு ஸ்க்ரூடிரைவர் வேணும்னா பொதுவா அது வீட்டோட சேர்த்தி. கையால தூக்கிட்டுப் போக முடிஞ்சா அவரோடது. சந்தேகமா இருக்கறதை இப்பவே வாயைத் திறந்து கேட்டுருங்கக்கா."

கைப்பிடி ஸ்க்ரூ போட்டதுதானே என்று அவள் நிம்மதியாக இருந்துவிட்டாள். வாய் திறந்து கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

சாவி வாங்குவதற்கு முன், திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனாள். உள்ளே தச்சர் ஒருவர் சுவரோரம் குந்தியிருந்தார். கைப்பிடிகளில் பாதி தரையில் கிடந்தன.

"யாரைக் கேட்டுக் கழட்டறீங்க? அது வீட்டோட சேர்ந்தது!"

விற்பவர் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். "நீங்கதானேம்மா கண்ணராவியா இருக்குன்னீங்க? குடிவர்றவங்களுக்கு உறுத்தக் கூடாதேன்னு என் செலவுல எடுக்கச் சொன்னேன். பெயிண்ட் அடிக்கவும் ஆள் வருது."

கழற்றுவது திருட்டுத்தனமில்லை, மரியாதை. சண்டை போடக்கூட வழியில்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும், குறைத்த விலையும் ஏறலாம். ஏறினால் ஏறட்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"கழட்டாதீங்க அண்ணே. இந்த வீட்டுல எனக்குப் புடிச்சதே அதுதான். விலை குறையட்டும்னு குறை சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. அவரு தனியா நடக்கணும்னா இது வேணும்."

விற்பவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பொல்லாத ஆளும்மா நீங்க! கடைசியில அம்மாவோட கம்பியைக் காட்டியே என்னை மொட்டையடிச்சிருக்கீங்க." தச்சரிடம் திரும்பினார். "எல்லாத்தையும் திரும்ப மாட்டுப்பா. நல்லா இறுக்கு."

தச்சர் மாட்ட மாட்ட, விற்பவர் ஒவ்வொரு கைப்பிடியையும் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

குடிவந்த மறுநாள் காலை கணவர் எழுந்து கைப்பிடியைப் பற்றினார். மெதுவாக நடந்தார். விழுந்தால் தாங்க இரண்டு கைகளையும் நீட்டியபடி அவள் பின்னாலேயே போனாள். கழிவறைக்குள் நுழைந்ததும் அவர் கதவைச் சாத்தினார். நோய் வந்த பிறகு அவள் முகத்துக்கு நேரே அவர் கதவைச் சாத்தியது அதுவே முதல் தடவை.

உள்ளேயிருந்து பழைய அதட்டல் கேட்டது: "அங்க ஏன் நிக்கிறே? கடைக்கு நேரமாகல?"